மாப்பிள்ளை முறுக்கும் மாநிலக் கஜானாவும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டாம்ஃபோர்டு என்றொரு நகரம் இருக்கிறது. நியூயார்க்கில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். நிலையத்துக்குப் பக்கத்தில், வாஷிங்டன் பூல்வார்டு சாலையில், 1990-களில் ஒரு சுவிஸ் வங்கி கட்டிய பெரிய கட்டடம் நிற்கிறது. அந்த வங்கி பிறகு யூபிஎஸ் ஆயிற்று. நடுவே தூணே இல்லாமல் ஒரு லட்சம் சதுர அடிக்கு மேல் விரிந்த அதன் கூடம், பங்கும் பத்திரமும் வாங்கி விற்கும் தளங்களில் உலகிலேயே பெரியது என்று பெயரெடுத்தது. மன்ஹாட்டனை விட்டு வருவதற்காக அந்த வங்கிக்கு மாநில அரசு சலுகைகள் தந்திருந்தது. 2011இல் வங்கி மறுபடியும் மன்ஹாட்டன் பக்கம் பார்வையைத் திருப்பியபோது, 2,000 வேலைகளையாவது இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மாநில அரசு 2 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஐந்தாறு ஆண்டுகளில் கூடம் காலியாயிற்று. இன்று அங்கே குடியிருப்பது டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற மல்யுத்தக் கேளிக்கை நிறுவனம். நம்மூர்ப் பிள்ளைகள் அண்டர்டேக்கர் படம் போட்ட சீட்டுகளை வைத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் விளையாடினார்களே, அதே நிறுவனம்தான்.

எதிர்ப்பக்கக் கட்டடத்தின் கதை இன்னும் விசேஷமானது. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற வங்கி, கனெக்டிகட் தந்த வரிச்சலுகையை நம்பி அதைக் கட்டியது. 2009இல் திறப்பதற்குள் அந்த வங்கியே திவாலின் விளிம்புக்குப் போய்வந்திருந்தது. பிரிட்டிஷ் அரசு மீட்டெடுத்து, பெரும்பான்மைப் பங்குக்குச் சொந்தக்காரர் ஆகியிருந்தது. ஆக ஒரே கட்டடத்துக்கு இரண்டு நாட்டு வரிப்பணம் முட்டுக் கொடுத்து நின்றது. பிறகு அந்த வங்கி ஆட்களைக் குறைத்தது. மிஞ்சிய யூபிஎஸ் ஊழியர்கள் தெருவைக் கடந்து அங்கே வந்து உட்கார்ந்தார்கள்.

நிதி நிறுவனம் ஒன்று விரிவடைகிறது, உள்ளூரில் இத்தனை வேலை உருவாகும், அரசு இவ்வளவு உதவுகிறது என்ற அறிவிப்பு எந்த ஊரிலிருந்து வந்தாலும் எனக்கு இந்த இரண்டு கட்டடங்களும் நினைவுக்கு வரும். அறிவிப்பில் மூன்று எண்கள் இருக்கும்: முதலீடு, வேலை, உதவி. அரசு உண்மையில் என்ன வாங்குகிறது என்பது அந்த மூன்றிலும் இருக்காது.

2016ஆம் ஆண்டு மே மாதம் அதே மாநிலத்தில் நடந்ததைப் பார்க்கலாம். ஸ்டாம்ஃபோர்டிலிருந்து கொஞ்சம் கிழக்கே வெஸ்ட்போர்ட் என்ற கடலோரச் சிற்றூர். பிரிட்ஜ்வாட்டர் அசோசியேட்ஸ் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் நிறுவனத்தின் இருப்பிடம் அது. ரே டாலியோ என்பவர் 1975இல் தொடங்கியது. ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், நாடுகளின் கையிருப்பு நிதிகள் இவற்றின் பணத்தை வாங்கி முதலீடு செய்து கட்டணம் வசூலிப்பது அதன் தொழில். அப்போது அது நிர்வகித்த தொகை சுமார் 15,000 கோடி டாலர். அந்த வகையில் உலகிலேயே பெரிய நிறுவனம். அதற்குத்தான் மாநிலப் பத்திர ஆணையம் 2.2 கோடி டாலர் உதவியை நிறைவேற்றியது. 1.7 கோடி கடன், மீதி மானியம். ஏற்கெனவே உள்ள 1,402 வேலைகளைக் காப்பாற்றி, 2021க்குள் புதிதாக 750 பேரைச் சேர்த்தால் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நமக்குக் கடன் தள்ளுபடி என்றால் விவசாயியும் கூட்டுறவு வங்கியில் நகை வைத்தவரும்தான் நினைவுக்கு வருவார்கள். இங்கே தள்ளுபடி எதிர்பார்த்து நின்றவரின் முந்தைய ஆண்டு வருமானம் 140 கோடி டாலர் என்று நிதித்துறைப் பத்திரிகை ஒன்று கணித்திருந்தது. அதே மாதங்களில் அந்த மாநில அரசு பட்ஜெட் பற்றாக்குறையைக் காட்டித் தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

இது முதல் முயற்சியும் அல்ல. 2012இல் இதே நிறுவனம் ஸ்டாம்ஃபோர்டு துறைமுகக் கரையில் தலைமையகம் கட்ட 11.5 கோடி டாலர் வரை தருவதாக ஆளுநர் டானல் மல்லாய் அறிவித்திருந்தார். (அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் நம்மூர் முதலமைச்சர் மாதிரி, தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகத் தலைவர்.) அந்தக் கரையில் ஒரு படகுப் பட்டறை இருந்தது. படகு பழுதுபார்க்கவும் பனிக்காலத்தில் கரையேற்றி வைக்கவும் ஊர்க்காரர்களுக்கு இருந்த இடம். மனைத்தொழில் நிறுவனம் ஒன்று அதை முன்பே இடித்துத் தள்ளியிருந்தது. படகுக்காரர்கள் விடவில்லை. வழக்கும் விசாரணையுமாக இழுத்து, கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது. வேலை வரப்போகிறது என்ற அறிவிப்புக்கு எதிராக, ஏற்கெனவே இருந்த ஒரு சின்னத் தொழிலிடத்துக்காக ஊர் சண்டை போட்டு ஓரளவு ஜெயித்த அபூர்வமான சம்பவம் அது.

2016இல் அரசு ஏன் மறுபடியும் அதே வாசலில் தட்டுடன் நின்றது? அந்த ஆண்டு ஜனவரியில் ஜெனரல் எலெக்ட்ரிக் தன் தலைமையகத்தை கனெக்டிகட்டின் ஃபேர்ஃபீல்டிலிருந்து பாஸ்டனுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. பாஸ்டன் நகரமும் மாசசூசெட்ஸ் மாநிலமும் சேர்ந்து 14.5 கோடி டாலர் வரை சலுகை தருவதாகச் சொல்லியிருந்தன. நாற்பதாண்டுகள் மாநிலத்தின் அடையாளமாக இருந்த நிறுவனம் கிளம்பியதும் மற்றவர்களும் மூட்டை கட்டிவிடுவார்களோ என்ற கிலி அரசுக்குப் பிடித்தது. தலைதீபாவளிக்கு மோதிரம் போடாவிட்டால் கிளம்பிவிடுவேன் என்று திண்ணையில் செருப்பை மாட்டும் மாப்பிள்ளையை நமக்குத் தெரியும். மூத்த மாப்பிள்ளை ஏற்கெனவே கோபித்துக்கொண்டு போயிருந்தால், இளைய மாப்பிள்ளை வாய் திறக்கவே வேண்டாம். மாமனார் தானாகவே நகைக்கடைக்கு ஓடுவார். (பாஸ்டனுக்குப் போன மூத்தவர் அங்கேயும் நிலைக்கவில்லை. திட்டத்தைச் சுருக்கிக்கொண்டு 2019இல் மாசசூசெட்ஸுக்கு 8.7 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தார்.)

அதே 2016இல் கிரீனிச் நகரின் ஏகியூஆர் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கும் 3.5 கோடி டாலர் வரை உதவி ஒதுக்கப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான கிளிஃப் ஆஸ்னஸ், 2009இல் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் கடன் விவகாரத்தில் ஒபாமா அரசு தலையிட்டதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதியவர். அரசு சந்தைக்குள் கை வைக்கக் கூடாது என்ற கொள்கையில் உறுதியானவர்கள்கூட, அந்தக் கை காசோலையோடு வரும்போது கொஞ்சம் இளகிவிடுகிறார்கள்.

கணக்குக்கு வருவோம். 2.2 கோடியை 750 புதிய வேலைகளால் வகுத்தால் வேலைக்குச் சுமார் 29,300 டாலர். காப்பாற்றப்பட்ட 1,402 பேரையும் சேர்த்து 2,152ஆல் வகுத்தால் 10,200 டாலர்தான். அரசு எப்போதும் இரண்டாவது கணக்கையே சொல்லும்; எதிர்க்கட்சி முதலாவதைச் சொல்லும். இருவரும் சண்டை போடுவது வகுக்கும் எண்ணைப் பற்றி மட்டுமே.

விஷயம் வருமான வரியில் இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் தாமே வருமான வரி வசூலிக்கின்றன. கனெக்டிகட் 1991இல் தொடங்கியது. இப்போது அதன் உச்ச விகிதம் 6.99 சதவீதம். ஆண்டுக்கு 10 கோடி டாலர் சம்பாதிக்கும் ஒருவர் உச்ச விகிதத்தில் மாநிலத்துக்குக் கட்டுவது ஏறத்தாழ 70 லட்சம் டாலர். அப்படி மூன்று பேர் இருந்தால் போதும், பிரிட்ஜ்வாட்டருக்குத் தந்த 2.2 கோடி ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட வந்து சேர்ந்துவிடும். 2,152 பேர் தேவையில்லை. அந்த மூன்று பேர் ஃபுளோரிடாவுக்கு வீடு மாறாமல் இருந்தால் சரி. ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே கிடையாது. பக்கத்து நியூ ஜெர்ஸியிலிருந்து டேவிட் டெப்பர் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் அதிபர் அங்கே குடிபெயர்ந்தபோது, ஒரே மனிதரால் மாநிலத்தின் வருவாய் மதிப்பீடு ஆட்டம் காணலாம் என்று அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். கனெக்டிகட்டின் வருவாய்த் துறையோ அதிக வரி கட்டும் நூறு பேரின் காலாண்டுத் தவணையைத் தனியே கவனித்து வந்தது. பருவமழைக் காலத்தில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்ப்பது மாதிரி.

ஆகவே கனெக்டிகட் வாங்கியது வரிதாரர்களை. வேலை என்பது ரசீதில் எழுதும் பெயர். இதில் மோசடி எதுவும் இல்லை. கஜானாக் கணக்கில் லாபமாகவே இருக்கக்கூடும். ஆனால் பணக்காரர்கள் ஊரை விட்டுப் போகாமலிருக்கப் பணம் தருகிறோம் என்று எந்த அரசாலும் மேடையில் சொல்ல முடியாது. உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை என்று சொல்லலாம்.

உள்ளூர் என்றால் எந்த ஊர்? வெஸ்ட்போர்ட்டிலிருந்து ரயிலில் சில நிலையங்கள் தள்ளி பிரிட்ஜ்போர்ட். ஒரு காலத்தில் தையல் இயந்திரமும் தோட்டாவும் மின்சாதனமும் செய்த தொழிற்சாலை நகரம். ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கே அங்கே பெரிய ஆலை இருந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, 1991இல் நகராட்சி திவால் மனு போடும் அளவுக்குப் போயிற்று. நீதிமன்றம் ஏற்கவில்லை என்பது வேறு கதை. அமெரிக்காவின் செல்வச் செழிப்பு மிகுந்த ஊர்களில் ஒன்றும், வேலையில்லாத இளைஞர்கள் நிறைந்த நகரமும் ஒரே மாவட்டத்தில், ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. பிரிட்ஜ்வாட்டரின் முதலீட்டுப் பிரிவு ஆள் எடுப்பதோ நாட்டின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து. பிரிட்ஜ்போர்ட் பையனுக்குக் கதவு பூட்டியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கதவு வரை போகும் படிக்கட்டு அவன் பள்ளிக்கூடத்தில் தொடங்கவில்லை, அவ்வளவே.

ஆராய்ச்சியாளர்கள் இதை வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். 1992இல் பொருளியலாளர்கள் ஒலிவியே பிளான்ஷாரும் லாரன்ஸ் காட்ஸும் அமெரிக்க மாநிலங்களை ஆராய்ந்தார்கள். ஒரு மாநிலத்தில் வேலை பெருகினால் சில ஆண்டுகளில் அங்கே வேலையின்மை விகிதம் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. இடைவெளியை நிரப்புவது முக்கியமாக ஆட்களின் இடப்பெயர்ச்சி என்று கண்டார்கள். புதிய வேலைகளில் பெரும்பங்கு அசலூர்க்காரர்களுக்கே போகிறது. டிமதி பார்டிக் இந்தத் துறையில் நாற்பதாண்டு அனுபவம் உள்ளவர். மிச்சிகனின் கலமசூ நகரில் அப்ஜான் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறார். முந்தைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2018இல் அவர் வந்த முடிவு: அரசுச் சலுகையால்தான் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லத்தக்க நிறுவனங்கள் நூற்றுக்கு 2 முதல் 25 வரை. மற்றவை சலுகை இல்லாமலும் அதே முடிவையே எடுத்திருக்கும். ஆண்டுதோறும் அமெரிக்க மாநிலங்களும் நகரங்களும் இதற்குச் செலவிடும் தொகை சுமார் 4,500 கோடி டாலர் என்பதும் அவர் கணக்கு.

மறுதரப்பு வாதமும் உண்டு. பொருளியலாளர் என்ரிகோ மொரெட்டி 2012இல் வெளியிட்ட நூலில், உயர்தொழில்நுட்ப வேலை ஒன்று அதே நகரத்தில் வேறு ஐந்து வேலைகளை உண்டாக்குகிறது என்றார். இரண்டு வக்கீல், மருத்துவர் போன்றவர்களுக்கு. மூன்று கடைச் சிப்பந்தி, பரிமாறுபவர் போன்றவர்களுக்கு. அந்த எண்ணைச் சலுகை கேட்கும் எல்லோரும் கையில் வைத்திருக்கிறார்கள். வெஸ்ட்போர்ட்டில் காபிக் கடைச் சிப்பந்தி வேலை உருவாகலாம்தான். அந்தச் சிப்பந்திக்கு அங்கே வாடகைக்கு வீடு கிடைக்காது. பிரிட்ஜ்போர்ட்டிலிருந்துதான் ரயிலேறி வர வேண்டும்.

வீண்செலவின் உச்சத்தைக் காண கேன்சஸ் சிட்டிக்குப் போக வேண்டும். அந்த மாநகரின் நடுவே ஒரு சாலை. இந்தப் பக்கம் மிசோரி, அந்தப் பக்கம் கேன்சஸ். இரு மாநிலங்களும் மாறி மாறிச் சலுகை கொடுக்க, நிறுவனங்கள் சாலையைக் கடந்தும் திரும்பக் கடந்தும் காசு பார்த்தன. திரையரங்கு நிறுவனமான ஏஎம்சிகூட அப்படி மிசோரியிலிருந்து கேன்சஸுக்குத் தாவியதுதான். ஊழியர்கள் அதே வீட்டில் குடியிருந்து, காரை மட்டும் வேறு பக்கம் திருப்பினார்கள். 2019இல் இரு ஆளுநர்களும் போதும் என்று சமாதானம் பேசிக்கொண்டார்கள்.

பிரிட்ஜ்வாட்டர் என்ன ஆயிற்று? 2023 மார்ச்சில் புதிய தலைமை சுமார் 100 பேரைக் குறைத்தபோது வெளிவந்த செய்திகள்படி நிறுவனத்தின் மொத்தப் பணியாளர்களே 1,300 அளவில்தான் இருந்தார்கள். 2025 தொடக்கத்தில் மேலும் 7 சதவீதம் குறைந்தார்கள். 2,152 என்ற எண் எட்டாத உயரத்தில் நின்றுவிட்டது. நடுவே 2019இல் டாலியோ குடும்பத்தின் அறக்கட்டளை கனெக்டிகட் அரசுப் பள்ளிகளுக்கு 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. அரசும் அதே அளவு போடுவதாக ஒப்புக்கொண்டது. 2016இல் அரசு தர ஒப்புக்கொண்டதைப் போல நாலரை மடங்கை ஒரே குடும்பம் தருமமாகக் கொடுக்க முடிந்தது! அப்படியானால் அந்த உதவி எதற்கு என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அந்தக் கூட்டு முயற்சிக்கு அரசின் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கும் தந்திருந்தார்கள். உள் கூட்டங்களையெல்லாம் பதிவு செய்து வைக்கும் வெளிப்படைத்தன்மையைத் தன் நிறுவனத்தின் உயிர்மூச்சாகப் பேசியவர் டாலியோ. வெளிப்படைத்தன்மை பற்றிய சச்சரவிலேயே அந்த முயற்சி சுமார் ஓராண்டில் கலைந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஹாலிஃபாக்ஸ் நகரில் இருக்கிறது. ஹெட்ஜ் ஃபண்டுகள் பல பெர்முடா தீவில் பதிவானவை. அவற்றின் கணக்கை எழுதி, மாதாமாதம் நிகர சொத்து மதிப்பைக் கணக்கிட்டு (நம்மூர் மியூச்சுவல் ஃபண்டுக்காரர்கள் என்ஏவி என்பது அதைத்தான்), முதலீட்டாளருக்கு அனுப்பும் வேலை தனித் தொழில். பெர்முடாவில் வீட்டு வாடகை கொள்ளை. வெளிநாட்டவருக்கு வேலை அனுமதியும் கெடுபிடி. ஹாலிஃபாக்ஸோ அதே நேர மண்டலத்தில், சில மணி நேர விமானப் பயணத்தில் இருக்கிறது. டல்ஹவுசி, செயின்ட் மேரிஸ் என்று பல்கலைக்கழகங்கள் கணக்கியல் பட்டதாரிகளை ஆண்டுதோறும் வெளியே அனுப்புகின்றன. அவர்கள் வேலை தேடி டொரண்டோவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2000-களின் நடுவிலிருந்து பட்டர்ஃபீல்டு, சிட்கோ போன்ற நிறுவனங்கள் இங்கே அலுவலகம் திறந்தன.

மாகாண அரசு தந்தது சம்பளத் தள்ளுபடி. முன்பணம் கிடையாது. ஆளை எடு, சம்பளம் கொடு, ஆண்டு முடிவில் சம்பளப் பட்டியலைக் காட்டு, தணிக்கை செய்து அதில் குறிப்பிட்ட சதவீதத்தைத் திருப்பித் தருகிறோம் என்பது ஏற்பாடு. ஆள் எடுக்காவிட்டால் பணம் இல்லை. ஊழியர் கட்டும் மாகாண வருமான வரி அந்தத் தள்ளுபடியைவிடக் கூடுதலாக இருக்கும்படி சதவீதத்தை வைக்கலாம். இங்கேயும் கணக்கு வரியில்தான் முடிகிறது. ஆனால் வரி கட்டுபவர் 10 கோடி டாலர்க்காரர் அல்ல. ஊர்க் கல்லூரியில் படித்த, மாதச் சம்பளக்காரர். பளபளப்பில்லாத வேலை. மாதக் கடைசியில் இரவு பத்து மணி வரை எக்செல் கோப்போடு மல்லாடும் வேலை. ஆனாலும் ஊரிலேயே இருக்கும் வேலை. மூலதனத்தின் மூளை ஓரிடத்தில், கணக்குப்பிள்ளை வேறிடத்தில் என்று தொழில் பிரிந்தபோது, உள்ளூருக்குப் பிழைப்புக் கொடுத்தது கணக்குப்பிள்ளையின் மேசை.

கனெக்டிகட்டும் பிற்பாடு இந்தப் பாடத்துக்கு வந்தது. 2019இல் பொறுப்பேற்ற ஆளுநர் நெட் லமாண்ட் முன்பணக் கடன்களைக் குறைத்தார். அடுத்து வந்த திட்டத்தில், குறைந்தது 25 புதிய வேலைகள் உருவாக்கி நிலைநிறுத்தும் நிறுவனத்துக்கு, அந்த ஊழியர்களிடம் பிடித்த மாநில வரியில் கால் பங்கு வரை திரும்பக் கிடைக்கும். நலிந்த ஊர்களில் பாதி வரை. இந்தச் சலுகைக் கதையில் பிரிட்ஜ்போர்ட் போன்ற ஊர் அந்தக் கடைசி விதியில்தான் முதன்முறையாக எட்டிப் பார்க்கிறது.

கணக்குப்பிள்ளையின் மேசை ஹாலிஃபாக்ஸோடு நிற்கவில்லை, சென்னைக்கும் வந்துவிட்டது. உலக வங்கி தன் கணக்குப் பணியின் ஒரு பகுதியை 2001லேயே இங்கே கொண்டுவந்தது. ஃபிடிலிட்டி, பிஎன்ஒய் மெலன் போன்ற முதலீட்டு நிறுவனங்களின் பின்னணி வேலைகள் இங்கே நடக்கின்றன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில், இத்தகைய உலகளாவிய திறன் மையங்கள் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் தரும் வேலைகளை உருவாக்கினால் முதல் ஆண்டு சம்பளத்தில் 30 சதவீதம், இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 சதவீதம் மானியம் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். ஹாலிஃபாக்ஸ் பாணிதான். ஒரு லட்சம் சம்பளத்துக்கு மூன்று ஆண்டுகளில் 7.2 லட்சம் ரூபாய்.

ஆனால் ஹாலிஃபாக்ஸின் கணக்கு இங்கே பொருந்தாது. நோவா ஸ்கோஷியாவுக்கும் கனெக்டிகட்டுக்கும் ஊழியரின் வருமான வரியில் நேரடியாகப் பங்கு உண்டு. இந்தியாவில் வருமான வரி ஒன்றிய அரசுடையது. 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழுவின் கணக்குப்படி, பகிரத்தக்க வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். அந்தக் கணக்கில், சென்னையில் ஓர் ஊழியர் 100 ரூபாய் வருமான வரி கட்டினால், சுற்றிச் சுற்றித் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்வது சுமார் 1 ரூபாய் 67 காசு. செஸ், சர்சார்ஜ் என்று பிடிப்பதில் அதுவும் இல்லை. போதாததற்கு 2025 ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு லட்சம் வாங்குபவர் புதிய வரிமுறையில் வருமான வரியே கட்ட வேண்டியதில்லை. தொழில்வரிக்கு அரசியல் சாசனமே ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று கூரை போட்டிருக்கிறது.

கனெக்டிகட் வேலை என்று எழுதி வரியை வாங்கியது. தமிழ்நாட்டால் அது முடியாது. இங்கே மானியம் கொடுத்தால் வாங்குவது நிஜமாகவே வேலையைத்தான். அதனால் அந்த வேலை யாருக்குப் போகிறது என்ற கேள்வி கனெக்டிகட்டைவிட இங்கே கனமானது. தூத்துக்குடியிலோ தருமபுரியிலோ பி.காம். படித்த பெண்ணுக்கு முதல் வேலையில் மாதம் ஒரு லட்சம் கிடைப்பது அரிது. மானியம் தொடங்கும் உயரத்தில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் பல வருட அனுபவத்தோடு வேறு நிறுவனத்திலிருந்து, சில சமயம் வேறு நகரத்திலிருந்து வருபவர். அவருக்குக் கீழே கணக்கு எழுதும் நாலைந்து பேரின் சம்பளம் மானியப் பட்டியலில் ஏறாது. மாநிலக் கஜானாவுக்கு அவர்களிடமிருந்து வருவதெல்லாம் ஓட்டல் பில்லிலும் துணிக்கடையிலும் ஒட்டிக்கொண்டு வரும் ஜிஎஸ்டியில் மாநிலத்தின் பாதி, வண்டி வாங்கும்போது கட்டும் சாலை வரி, பெட்ரோல் போடும்போது போகும் வாட். பெரிய தொகை வேண்டுமானால், அவர்களில் ஒருத்தி பத்துப் பதினைந்து வருடம் கழித்து மேடவாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பார்த்து முடித்து, முத்திரைத் தீர்வையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரும் நாள் வரை காத்திருக்க வேண்டும்.